கூண்டா, தடுப்பா, பேப்பரா, மண்ணா: ஃபிளாட்டில் குட்டி நாய்க்கு எதைப் பழக்குவது?

"அக்கா, குட்டி வரப்போகுது. கூண்டு வாங்கிடலாமா?" சென்னையில் தெருவில் கிடைக்கும் குட்டிகளைத் தத்துப்போகும் வரை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுப்பதால், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி ஃபிளாட்காரர்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நாய் வளர்த்த அனுபவம் என்றால் ஊரில் தாத்தா வீட்டில் பார்த்ததுதான். அங்கே நாய் வாசலில் படுத்திருக்கும், கொல்லைப்பக்கம் போய்வரும், யாரும் அதற்கு எதையும் பழக்கியிருக்க மாட்டார்கள். ஃபிளாட்டில் வாசலும் இல்லை, கொல்லையும் இல்லை. டைல்ஸ் தரையும் ஒரு பால்கனியும் இருக்கும். அதனால் குட்டி எங்கே தூங்க வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்பது முழுக்க நம் முடிவாகிவிடுகிறது.

கூண்டு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த நாய் பெரிதானதும் எந்தத் தரையில் யூரின் போக வேண்டும்? கூண்டும் தடுப்பும் குட்டியை ஓர் இடத்தில் நிறுத்திவைக்க மட்டுமே உதவும். குட்டி மனதில் பதிவது காலடியில் படும் தரை. கூண்டை எப்போது வேண்டுமானாலும் மடித்துப் பரணில் போட்டுவிடலாம். தரைப் பழக்கத்தை மாற்றத்தான் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இதற்குக் காரணம் குட்டி வளரும் விதத்தில் இருக்கிறது. பிறந்த முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குக் குட்டியால் தானாக யூரினோ மோஷனோ போக முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும், அதையும் தாயே சுத்தம் செய்துவிடும். கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் குட்டி, படுக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய் ஒதுங்கப் பழகுகிறது. ஏறத்தாழ 8 வாரம் ஆகும்போது எந்த மாதிரித் தரையில் போவது என்ற விருப்பமும் உறுதிப்பட ஆரம்பிக்கும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆக, குட்டி நம் கைக்கு வரும் நேரமும் தரை மனதில் பதியும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் தற்காலிகமாக என்று நினைத்து நாம் விரிப்பதைத்தான் அது நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளும்.

எனவே தரையிலிருந்தே தொடங்குகிறேன்.

பேப்பர் விரிப்பது நம் வீடுகளில் முதலில் தோன்றும் வழி. செலவில்லை, சுருட்டி எறிந்துவிடலாம். ஆனால் பேப்பர் என்பது நம் வீட்டில் தரையில் கிடக்கும் பொருள். அப்பா விரித்துப் படிப்பது, பிள்ளை வரைய எடுப்பது, காய் நறுக்க விரிப்பது எல்லாம் அதே பேப்பர்தான். எது தனக்கு, எது அப்பாவுக்கு என்று குட்டிக்குத் தெரியாது. இன்னொரு சிக்கல், ஈரம் பேப்பரில் பரவிக் காலில் ஒட்டும். அந்தக் காலோடு ஹால் முழுக்க நடக்கும். வயிற்றுப்போக்கு வந்த ஓரிரு நாட்களைச் சமாளிக்கப் பேப்பர் சரி. பழக்கமாக்க வேண்டாம் என்பேன்.

பெட் ஷாப்பில் விற்கும் ட்ரெயினிங் பேட், அதாவது யூரினை உறிஞ்சும் மெத்தென்ற விரிப்பு, பேப்பரை விட நன்றாக உறிஞ்சும். அந்த மெத்தென்ற தன்மைதான் அதன் குறையும்கூட. பேடில் பழகிய குட்டி அடுத்துத் தேடிப்போவது கால்மிதியை, பிறகு படுக்கையறை விரிப்பை, அப்புறம் சோபாவில் கிடக்கும் துண்டை. காலுக்கு எல்லாம் ஒரே மாதிரிதானே. பல் முளைக்கும் வயதில் பேடைக் கிழித்து விளையாடாத குட்டி அபூர்வம். உள்ளே இருக்கும் உறிஞ்சு பொருளை நிறைய விழுங்கினால் குடலில் அடைப்பு ஏற்படலாம். கீழே இறங்க முடியாத வயதானவர் வீட்டில், வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் நாய்க்கு, அதற்கென்று செய்த ஃபிரேமில் பேடை இறுக்கிவைத்துக் கடைசிவரை அதையே பயன்படுத்துவது நியாயமான முடிவு. வேறு வீடுகளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாத்ரூமிலோ பால்கனியின் வெறுந்தரையிலோ பழக்குகிறவர்களும் உண்டு. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் அது டைல்ஸ். ஹாலிலும் டைல்ஸ். இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் நமக்குச் சுவரும் கதவும். குட்டியின் காலுக்கு வித்தியாசமே இல்லை. கழுவிய ஈரத்தரையில் வளரும் குட்டியின் கால்கள் வழுக்கிக்கொண்டே இருப்பதும் மூட்டுகளுக்கு நல்லதில்லை.

நேராகக் கீழே தெருவுக்குக் கொண்டுபோய்ப் பழக்குவதுதான் கடைசியில் நாம் அடைய வேண்டிய இடம். எட்டாவது வாரத்தில் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் தொடர்ந்து, 16 வார வயது வரை போகும். அதுவரை பார்வோ, டிஸ்டெம்பர் என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்குக் குட்டி எளிதில் ஆளாகும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியது. நோயுற்ற நாய் ஒன்று எப்போதோ வந்துபோன தெருவோரத்தில் நம் குட்டி மோப்பம் பிடித்தாலே போதும். ரத்தமாகப் போகும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பங்களின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்காக 16 வாரம் வரை மண்ணே காட்டாமல் வைத்திருந்தால், அதற்குள் டைல்ஸ்தான் தன் கழிப்பறை என்று குட்டி முடிவுகட்டியிருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நான் பரிந்துரைப்பது அதைத்தான்: பால்கனியில் ஒரு மண் தட்டு. மூன்றடிக்கு இரண்டடி அளவில், குட்டி ஏறி இறங்கும்படி ஓரம் தாழ்ந்த பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். நர்சரியில் மூட்டையாக விற்கும் செம்மண்ணோடு கொஞ்சம் மணல் கலந்து மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். அதன் மேல் நர்சரியில் சதுரமாக வெட்டித் தரும் புல்லைப் பதித்தால் இன்னும் நல்லது. அடியில் ஓட்டை போடாதீர்கள். சொட்டினால் கீழ்வீட்டுக்காரரோடு சண்டை வரும். மோஷனை அன்றன்றே அள்ளிவிட்டு, வாரம் ஒருமுறை மேல்மண்ணை மாற்ற வேண்டும். முதல் நாள் மட்டும், குட்டியின் யூரினைத் துடைத்த துணியை அந்த மண்ணில் அழுத்தி எடுங்கள். மூக்கு வழிகாட்டும். தெருமண்ணை அள்ளிவந்து போடக் கூடாது, அப்படிச் செய்தால் பார்வோவை நாமே வீட்டுக்குக் கொண்டுவந்தது போலாகும். பேடை விட இதில் வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் 16 வாரம் கழித்துக் கீழே இறக்கிவிடும்போது குட்டி புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. அங்கே இருப்பதும் மண், புல்.

தெருவில் பிறந்த இண்டி (நம் நாட்டு நாய்) குட்டிகளுக்கு இது இன்னும் எளிது. அவை ஏற்கெனவே மண்ணில் ஒதுங்கிப் பழகியவை. பெட் ஷாப் கூண்டில் நாட்கணக்கில் கிடந்து, தூங்கும் இடத்திலேயே போய், அதிலேயே புரண்ட குட்டிகளுக்குத்தான் அதிகப் பொறுமை தேவை. அவற்றிடம் படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் இயல்பே மழுங்கிப் போயிருக்கும். குட்டியை வாங்கும் முன் அது இதுவரை எந்தத் தரையில் வளர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கூண்டுக்கு வருவோம்.

கூண்டு வேலை செய்வதற்குக் காரணம், மேலே சொன்ன அதே இயல்புதான். படுக்கும் இடத்தை அசிங்கப்படுத்தக் குட்டிக்கு மனம் வராது. கொஞ்சம் அடக்கிக்கொண்டு, முடியாதபோது முனகும். முனகல் கேட்டதும் நாம் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் விட்டால், அடக்குவதையும் சொல்வதையும் ஒன்றாகக் கற்றுக்கொள்ளும். இவ்வளவு வேகமாக வேலை செய்யும் வழி வேறில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இயல்பு பலிக்கச் சில நிபந்தனைகள் உண்டு. குட்டி நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். அதை விடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும். லேப்ரடார் மாதிரி வளரும் இனம் என்றால் பெரிய கூண்டாக வாங்கி, நடுவில் தடுப்புப் பலகை வைத்து, குட்டி வளர வளரத் தள்ளிக்கொண்டு போகலாம்.

நேரக்கணக்கு அதைவிட முக்கியம். பகலில் ஒரு குட்டி அதிகபட்சம் எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் உச்சவரம்புதான், விழித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைகூடப் போகும். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்பும் வீட்டில் குட்டியைக் கூண்டில் பூட்டிவிட்டுப் போனால், அது அடக்க முடியாமல் உள்ளேயே போகும், அதிலேயே உட்கார்ந்திருக்கும். சில நாட்களில் அந்தக் கூச்சம் போய்விடும். கூச்சம் போன பிறகு கூண்டு எதையும் கற்றுத்தராது. கூண்டு கொடுமையானது என்று சிலர் சொல்வதும், கூண்டு இல்லாமல் முடியாது என்று சிலர் சொல்வதும் இந்த மணிக்கணக்கைப் பேசாமல் விட்டுவிடுவதால்தான். அமெரிக்காவில் கூண்டுப் பழக்கம் சாதாரணமானது. ஸ்வீடனில் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைத்துவைப்பதற்குச் சட்டமே தடையாக நிற்கிறது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதையும், நியாயமற்ற நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டிப்போடுவதையும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்கவைக்காமல் விடுவதையும் குற்றமாக வரிசைப்படுத்துகிறது. கூண்டு வாங்குகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கூண்டின் உண்மையான பலன் இரவில். தூங்கும் குட்டி விழித்திருக்கும் குட்டியை விட அதிக நேரம் தாங்கும். கூண்டை நம் கட்டிலுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். ஹாலில் தனியாக வைத்தால் அது யூரினுக்காக முனகுகிறதா, தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டு வந்த ஏக்கத்தில் அழுகிறதா என்று பிரித்தறிய முடியாது. பக்கத்தில் இருந்தால் தெரிந்துவிடும். ஏக்கம் என்றால் விரலைக் கம்பிக்குள் நீட்டினாலே அடங்கும். யூரின் என்றால் அடங்காது; எழுந்து, சுற்றி, கம்பியைப் பிறாண்டும். உடனே தூக்குங்கள். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், நேராக மண் தட்டுக்கு. போய் முடித்ததும் மெதுவாக ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு மறுபடி கூண்டு. ராத்திரி எழுந்தால் விளையாட்டு கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் மூன்று மணிக்கு விளையாடக் கூப்பிடும்.

சென்னைக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்கிறது. நம் ஊர்க் கடலோரப் புழுக்கத்தில் அது சரியாக நடக்காது. அதனால் மூடிய பிளாஸ்டிக் பெட்டியைக் கூண்டாக வைக்காதீர்கள். நாலாபக்கமும் கம்பி உள்ள கூண்டு, ஃபேனுக்குக் கீழே, உள்ளே மெத்தைக்குப் பதில் பழைய பருத்திப் புடவைத் துண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் கூண்டின் மேல் போர்வை போர்த்தி இருட்டாக்குவார்கள். மே மாதத்தில் இங்கே அதைச் செய்ய வேண்டாம். மின்வெட்டு வரும் வீட்டில், ஆள் இல்லாத பகலில் கூண்டைப் பூட்டுவதே ஆபத்து. கோடையில் குட்டி கூண்டுக்குள் போக மறுத்தால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். கூண்டின் அடித்தட்டை விட டைல்ஸ் குளிர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கூண்டுக்குள் குட்டியைத் தள்ளிக் கதவைச் சாத்துவது முதல் வாரத்தில் நடக்கவே கூடாது. கதவைத் திறந்துவைத்துச் சாப்பாட்டுத் தட்டை உள்ளே வையுங்கள். வேகவைத்த கோழித் துண்டை உள்ளே போடுங்கள், எடுத்துக்கொண்டு வெளியே வந்தாலும் பரவாயில்லை. தானாக உள்ளே போய்ப் படுக்கும் நாள் வந்த பிறகு, சாப்பிடும்போது மட்டும் கதவைச் சாத்தி, முடித்ததும் திறக்கலாம். தப்பு செய்தால் உள்ளே போட்டுப் பூட்டுவது என்று ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் அதுவரை செய்த வேலை வீண். பூட்டியதும் எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து, வாயில் ரத்தம் வரும் அளவுக்குத் தவிக்கும் குட்டிகளும் உண்டு. அவற்றுக்குக் கூண்டு வேண்டாம். பழகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

பகலுக்கு என் தேர்வு ப்ளேபென். மடக்கி விரிக்கும் கம்பிச் சட்டங்களை வட்டமாகவோ செவ்வகமாகவோ கோத்து நிறுத்தும் தடுப்பு அது. பால்கனிக் கதவை ஒட்டி அதை நிறுத்தி, ஒரு முனையில் படுக்கை அல்லது கதவு திறந்த கூண்டு, மறுமுனையில் மண் தட்டு, நடுவில் தண்ணீரும் கடிக்க ஒரு பொம்மையும். குட்டிக்கு அவசரம் வந்தால் எழுந்து போய் மண்ணில் போகலாம். படுக்கை சுத்தமாக இருக்கும். கூண்டு கற்றுத்தரும் வேகத்தில் இது கற்றுத்தராது. ஆனால் தவறான எதையும் கற்றுத்தராது, அதுதான் இதன் பெருமை. இண்டி குட்டிகளும் சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்றவையும் சீக்கிரம் தாவக் கற்றுவிடும். மூன்றடி உயரத்துக்குக் குறையாத தடுப்பாக வாங்குங்கள். இதிலும் நாள் முழுக்கத் தனியாக விடலாம் என்று அர்த்தமில்லை. மதியம் ஒருவர் வந்து சாப்பாடு கொடுத்து, கொஞ்ச நேரம் கூட இருந்து, தட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண், யாராக இருந்தாலும் சரி, சம்பளம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். மூன்று மாதச் செலவுதான்.

பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்துவது தடுப்பு வைப்பதைப் போலத்தான் தோன்றும். ஆனால் மதிய வெயில், கம்பி இடுக்கு, தனிமையில் ஓயாத குரைப்பு, அதனால் பக்கத்து வீட்டாரின் புகார் என எல்லாம் சேர்ந்து வரும். சங்கிலியில் கட்டிவைப்பதைப் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. கட்டிய குட்டி எட்டும் தூரத்திலேயே போகும், அங்கேயே படுக்கும், கழுத்தில் காயம்படும். கூண்டு எந்த இயல்பை வளர்க்கிறதோ அதே இயல்பைச் சங்கிலி அழிக்கிறது.

வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கும் குடும்பம் என்றால் இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. தாத்தாவோ பாட்டியோ இருக்கும் வீட்டில் குட்டி மிக வேகமாகப் பழகும், அவர்களுக்குக் கண்காணிக்கப் பொறுமை இருந்தால். லேசான லீஷ் (பிடிக்கும் வார்) ஒன்றைக் குட்டியின் ஹார்னெஸில் (மார்புப் பட்டையில்) மாட்டி, மறுமுனையை நம் இடுப்பில் கட்டிக்கொள்வது நல்ல உத்தி. கண்ணை விட்டு அகலாது. விளையாடிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று விளையாட்டை விட்டுவிட்டு, மூக்கைத் தரையில் வைத்து, சின்ன வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் நமக்கு நாலைந்து நொடி அவகாசம் இருக்கிறது. சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். தூங்கி எழுந்த உடன், சாப்பிட்ட கால் மணி, அரை மணி நேரத்துக்குள், விளையாட்டு முடிந்ததும் என்ற இந்த மூன்று நேரத்திலும் அறிகுறிக்குக் காத்திராமல் கொண்டுபோய்விட வேண்டும். மண்ணில் போய் முடித்த அந்த இடத்திலேயே, இரண்டு நொடிக்குள், ஒரு துண்டு தின்பண்டம். உள்ளே கூட்டிவந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் நினைக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதைக் கெடுக்கக்கூடிய இரண்டு வழக்கங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. ஒன்று பால். குட்டி என்றாலே பாலும் பால்சோறும் என்று கொடுக்கிறோம். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் சரியாகச் செரிக்காது, வயிறு இளகிப்போகும். தண்ணீராகப் போகும் குட்டியிடம் அடக்கத்தை எதிர்பார்க்க முடியுமா? பாலை நிறுத்தி, குட்டிகளுக்கான உணவையோ மருத்துவர் சொல்லும் வீட்டு உணவையோ நாளுக்கு மூன்று, நான்கு வேளை அதே நேரத்தில் கொடுத்து, பூச்சி மருந்தும் ஒழுங்காகக் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உள்ளே போகும் நேரம் சீரானால் வெளியே வரும் நேரமும் சீராகும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், நம் வெயிலுக்கு அது ஆபத்து.

இன்னொன்று ஃபினாயில். அதன் நெடி நம் மூக்குக்கு யூரின் வாடையை மறைக்கும். நாயின் மூக்குக்கோ அந்த நெடிக்கு அடியில் இருக்கும் யூரின் வாடை அப்படியே தெரியும், மறுநாளும் அதே இடத்துக்கு வரும். தரையை நக்கும் குட்டிக்கு ஃபினாயில் கெடுதலும்கூட. முதலில் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் துடைத்து, பெட் ஷாப்பில் கிடைக்கும் என்சைம் கலந்த கிளீனரை ஊற்றி, அது தானாகக் காயும் வரை விட வேண்டும்.

மூக்கைப் பிடித்து யூரினில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது இன்னும் நடக்கிறது. அடிவாங்கிய குட்டிக்குப் புரிவது, மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது என்பதுதான். அதன் பிறகு சோபாவுக்குப் பின்னால் போகும். கீழே கூட்டிப்போனால் நம் முன்னால் போகவே போகாது, அரை மணி நேரம் நடந்துவிட்டு மேலே வந்ததும் ஒளிந்துகொண்டு போகும். இந்தக் குட்டிகளை மீட்டெடுப்பதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். நம்மைப் பார்த்ததும் வாலைச் சுருட்டி, குனிந்து, சொட்டு விடும் குட்டி பழக்கம் கெட்டது இல்லை. பயத்திலோ பரவசத்திலோ தானாக வருவது அது. கண்டுகொள்ளாமல், குனிந்து பக்கவாட்டில் அமர்ந்து கொஞ்சினால் வயதோடு சரியாகும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிரமப்பட்டு உட்கார்ந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆக, வேலைக்குப் போகும் அந்த இருவருக்கு நான் சொல்வது: முதல் நாளிலிருந்து மண் தட்டு, பகலில் ப்ளேபென், மதியம் ஒரு ஆள், இரவில் கட்டிலருகே கூண்டு. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் இடுப்பில் லீஷ். முதல் ஒரு வாரமாவது இருவரும் மாற்றி மாற்றி விடுப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். தனியாக வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பத்து மணி நேரம் வெளியே போகிறவர், மதியத்துக்கு ஆள் கிடைக்காதவர் என்றால், எந்தச் சாதனமும் உதவாது. அவர் ஒன்றரை, இரண்டு வயதான இண்டி நாயைத் தத்தெடுப்பதே இருவருக்கும் நல்லது. அடக்கத் தெரிந்த, கீழே போய்ப் பழகிய எத்தனையோ நாய்கள் காப்பகங்களில் வீட்டுக்காகக் காத்திருக்கின்றன.

ஊரில் தோட்டத்தோடு தனிவீடு உள்ளவர்கள், எங்களுக்குக் கூண்டே தேவையில்லை என்பார்கள். கழிப்பறைப் பழக்கத்துக்குத் தேவையில்லைதான். ஆனாலும் கதவு திறந்த கூண்டில் படுக்கப் பழக்கிவையுங்கள். கருத்தடை அறுவைசிகிச்சை முடிந்து சில நாள் ஓடாமல் இருக்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு இரவு தங்க நேரலாம். ரயிலில் நாய்ப்பெட்டியில் பயணம் செய்ய நேரலாம். தீபாவளி வெடிச் சத்தத்தில் ஓடி ஒளிய இடம் தேடும் நாய்க்கு, அறையின் உள்மூலையில் இருக்கும் தன் கூண்டு அன்றைக்கு அடைக்கலம். அன்றைக்கு மட்டும் கதவைச் சாத்தாதீர்கள்.

16 வாரம் கழித்து, கடைசித் தடுப்பூசிக்குப் பிறகு மருத்துவர் சரி என்றதும் கீழே இறங்கலாம். காலையில் எழுந்ததும் தட்டுக்குப் போக விடாமல் நேராகக் கீழே தூக்கிச் செல்லுங்கள். அப்போதுதான் முட்டிக்கொண்டு இருக்கும், போகாமல் திரும்பாது. தட்டிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய் அந்த இடத்தில் போட்டால் சீக்கிரம் புரிந்துகொள்ளும். ஒரே இடம், ஒரே வழி, அள்ளுவதற்குக் கையில் பை. முடித்த உடனே மேலே கூட்டிவராமல் அதற்குப் பிறகுதான் நடையை ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால், போனால் நடை முடிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டே நடக்கும். முதலில் காலை வேளை, சில நாள் கழித்து இரவு, அப்புறம் மதியம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் பெரும்பாலான குட்டிகள் ஆறு மாதத்துக்குள் கீழே மட்டும் போகப் பழகிவிடும். பக், ஷிட்சூ போன்ற சிறிய இனங்களுக்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். பால்கனித் தட்டை மட்டும் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களில் எலிக்காய்ச்சல் கிருமி கலந்த அந்தத் தண்ணீரில் நாயை இறக்க முடியாது. முதல் மழைக்காலம் முடியும் வரை தட்டைச் சாரல் படாத ஓரத்தில், மண் மாற்றி, தயாராக வைத்திருங்கள்.